பதினைந்து பங்கு: திண்டுக்கல் வீட்டை விற்றுத் தாம்பரம் பக்கம் குடிவந்த கணக்கு

2024 ஆனியில் நாங்கள் எடுத்த முடிவு ரொம்ப எளிமையானது. திண்டுக்கல்லில் அம்மா தனியாக இருக்கும் வீட்டை விற்பது. அந்தப் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்துத் தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்குவது. அம்மாவை அழைத்துக்கொண்டு ஐப்பசிக்குள் குடிபோவது. 'மூன்று மாத வேலை' என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். குடிபோனது மாசிக் கடைசியில்.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தாமதத்துக்கு வாங்க வந்தவர் காரணமில்லை, வங்கி காரணமில்லை, ரியல் எஸ்டேட் நிலவரமும் காரணமில்லை. எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்த காகிதங்கள்தான் காரணம். அதுவும் இல்லாத காகிதங்கள். ஆள் வந்த பிறகுதான் அவற்றைத் தேட ஆரம்பித்தோம். வீடு விற்கிற எண்ணம் இருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வரி, கட்டண விவரங்கள் எல்லாம் நாங்கள் பதிவு செய்த 2025 பிப்ரவரி நிலவரம்.

வீடும் வாரிசும்

வீடு நாகல் நகர் பக்கம். 1978இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரையம் வாங்கியது. பத்திரப்படி கிழமேல் 28 அடி, தென்வடல் 65 அடி, ஆக 1,820 சதுர அடி. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் பிறகு இழுத்துக் கட்டிய இரண்டு தளம் போட்ட அறைகள். வாசல் கதவில் மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல்காரர்கள் வேறு பூட்டுப் போடுவார்களா?

அப்பா 2011இல் உயில் எழுதாமல் தவறிப்போனார். அம்மா, அக்கா, அண்ணன், நான், தம்பி என்று ஐந்து வாரிசு. 2019இல் தம்பியும் போய்விட்டான். அவனுக்கு மனைவியும் ஒரு மகளும். இதில் நாங்கள் எல்லோரும் மனதுக்குள் வைத்திருந்த கணக்கு, ஆண் பிள்ளைகள் மூவருக்கும் அம்மாவுக்குமாக நான்கு பங்கு என்பது. சட்டத்தின் கணக்கு வேறு.

அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்ற கேள்வியே கிடையாது. ஆக ஆளுக்கு ஐந்தில் ஒன்று. தம்பி இறந்ததும் அவனுடைய ஐந்தில் ஒன்று மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் போகாது. பெற்ற தாய்க்கும் அதில் சமபங்கு உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நாங்களும் மறந்தோம். எல்லாவற்றையும் ஒரே பின்னமாக மாற்றினால் வீடு பதினைந்து பங்கு: அம்மாவுக்கு நான்கு, அக்காவுக்கு மூன்று, அண்ணனுக்கு மூன்று, எனக்கு மூன்று, தம்பி மனைவிக்கு ஒன்று, அவள் மகளுக்கு ஒன்று. விலை 75 லட்சம் என்று முடிந்ததால் பங்குக்கு 5 லட்சம்.

கடைசிப் பங்குதான் எங்களை நான்கு மாதம் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாங்க வந்தவரின் வக்கீல்

ஆவணியில் ஆள் அமைந்தது. பக்கத்துத் தெருக்காரர், சொந்தமாகத் தொழில் செய்பவர், வங்கிக் கடன் போட்டு வாங்குகிறார். 5 லட்சம் அட்வான்ஸ் வங்கி வழியாகவே அனுப்பினார். அதே ஆவணியில், அந்த உற்சாகத்தில், நான் தாம்பரத்தில் பார்த்து வைத்திருந்த ஃபிளாட்டுக்கு 3 லட்சம் கொடுத்து 90 நாள் கெடுவில் ஒப்பந்தம் போட்டுவிட்டேன். தவறு அங்கேதான். விற்கிற பக்கம் பத்திரம் தெளிவாகும் முன்பே வாங்குகிற பக்கம் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

புரட்டாசியில் அவருடைய வங்கியின் வக்கீல் எழுதிய அபிப்பிராயம் வந்தது. மூன்று பக்கம். அதில் பாதி எங்கள் வீட்டுக் குறைகள்.

முதல் குறை, முப்பது வருட வில்லங்கத்தில் 1994இல் ஒரு அடமானம் தெரிகிறது, அதைத் தீர்த்த ரசீது தெரியவில்லை. பின்னால் அறைகள் கட்ட அப்பா ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் 60,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். 2003இல் கட்டி முடித்துவிட்டார், கடைசித் தவணைச் சீட்டு பைலில் இருந்தது. ஆனால் கடன் முடிவது வேறு, அடமானம் தீருவது வேறு. பதிவு செய்த அடமானத்துக்குப் பதிவு செய்த ரசீதுப் பத்திரம் வாங்கினால்தான் வில்லங்கச் சான்றில் அது முடிந்ததாக வரும். அப்பா வாங்கவில்லை. 1978இன் அசல் கிரையப் பத்திரமும் அந்தச் சங்கத்திலேயே கிடந்தது. வீட்டில் இருந்தது நகல் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

சங்கத்துக்கு நான்கு தடவை போனேன். செயலாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். இன்னொரு சங்கத்தையும் அவர்தான் பார்க்கிறார். கணக்கு முடிந்ததைப் பேரேட்டில் பார்க்க வேண்டும், தீர்மானம் போட வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து. ஏழு வாரம் ஆனது. மூன்றாவது தடவை போனபோது ஒரு மரப்பெட்டியைத் திறந்தார்கள். காவித் துணியில் வருட வாரியாகக் கட்டிய மூட்டைகள். 94 மூட்டையில் எங்கள் பத்திரம் இருந்தது. ஓரம் பழுப்பேறியிருந்தாலும் கரையான் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பழைய கையெழுத்து, நீல மை, நாங்கள் யாரும் பார்த்திராத நீட்டிய வால் போட்ட 'ன்'. அங்கே அது கிடைக்காமல் போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று இன்னும் இரண்டு மாதம் சேர்ந்திருக்கும்.

வீட்டுக்கடன் முடித்தவர்கள் யாராக இருந்தாலும் இன்றைக்கே ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அடமானம் எழுதிய வரி இருந்து, ரசீது எழுதிய வரி இல்லையென்றால் கடன் கொடுத்தவரின் அலுவலகம் இருக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள். சங்கங்கள் இணைகின்றன, மூடுகின்றன, மூட்டைகள் இடம் மாறுகின்றன.

இரண்டாவது, பட்டா. நகர நில அளவைப் பதிவேட்டில் இன்னும் 1978இல் விற்றவரின் பெயர். அப்பா பத்திரம் பதிந்ததோடு சரி, பட்டா மாற்றவே இல்லை. சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் இருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்திருந்தோம். வரி ரசீது உரிமைக்கு ஆதாரமாகாது என்று வக்கீல் எழுதியிருந்தார். இரண்டு இறப்புச் சான்று, இரண்டு வாரிசுச் சான்று, பத்திர நகல் எல்லாம் வைத்து விண்ணப்பித்தோம். நில அளவர் வந்து சங்கிலி பிடித்ததில் தென்வடல் 65 இல்லை, 63 அடிதான் வந்தது. இரண்டு அடி எங்கே? தெருச் சாக்கடையில். எப்போதோ நகராட்சி வாய்க்கால் கட்டியபோது திண்ணையின் முன்பகுதி போனது அம்மாவுக்கு நினைவிருந்தது. 1,820 சதுர அடி 1,764 ஆனது. வாங்குபவர் 76.5 லட்சம் என்று பேசியிருந்தார்; 56 சதுர அடியைக் காட்டி 75க்கு இறக்கினார். நியாயம்தான். முதலிலேயே அளந்திருந்தால் பேரத்தில் அது அவர் கைக்குப் போயிருக்காது.

அக்காவின் இருபது ரூபாய்ப் பத்திரம்

அப்பா இறந்த மறுவருடம், 2012இல், அக்கா 20 ரூபாய் முத்திரைத்தாளில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். யார் எழுதச் சொன்னது என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை என்கிறார்கள். எனக்கு ஞாபகமிருக்கிறது, விட்டுவிடுவோம். அந்தத் தாளை வக்கீலிடம் காட்டினோம். "இது காகிதம் சார், பத்திரம் இல்லை" என்றார். அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் செலவும் பெரிதில்லை: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கூர்ச்சீட்டு போட்டுப் பிரித்துக்கொண்டோம், வெற்றுத்தாளில் எழுதிவிட்டோம் என்று இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே பதில்தான்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போனில், "அக்காதான் அப்பவே வேண்டாம்னு சொல்லிட்டாளே, ஒரு விடுதலைப் பத்திரம் போட்டு முடிச்சிருவோம்" என்றான். அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ வேண்டாம்னு சொன்னா, நீ சரின்னுட்டியாக்கும்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்கா விற்பவர்களில் ஒருத்தியாகக் கையெழுத்துப் போட்டு 15 லட்சம் வாங்கிக்கொண்டாள். அம்மா இன்னொன்றும் சொன்னாள். தம்பி போனதால் தனக்கு வந்த அந்த ஒரு பங்கு, 5 லட்சம், அவன் மனைவிக்கே போக வேண்டும். இதுமாதிரிப் பேச்சை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் போனில் வைத்துப் பேசியிருக்கலாம். பணம் கைக்கு வந்தபின் பேசினால் சொல் தடிக்கும். எங்களுக்கும் கொஞ்சம் தடித்தது.

மைனர் பங்கு

தம்பி மகளுக்கு அப்போது பதினேழரை வயது, பன்னிரண்டாம் வகுப்பு. பதினைந்தில் ஒரு பங்கு அவள் பெயரில். அவள் அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பத்திர எழுத்தர் சொன்னார். பலரும் அப்படித்தான் பதிகிறார்கள். வங்கி வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. மைனருக்குத் தனியாக வந்து சேர்ந்த அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளரே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 8ஆவது பிரிவு அது. மீறி விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுக் கிரையத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எங்கள் பாப்பா போடமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். 50 லட்சம் கடன் கொடுக்கிற வங்கிக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

இரண்டு வழி இருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி மனுப் போடுவது. எத்தனை வாய்தா ஆகும் என்று எங்கள் வக்கீலால் சொல்ல முடியவில்லை. இல்லையென்றால் ஜனவரி கடைசி வாரம் அவளுக்குப் பதினெட்டு முடியும் வரை காத்திருப்பது. காத்திருப்பது என்றே முடிவானது. வாங்குபவர் பொறுத்துக்கொண்டார், அவருடைய கடன் அனுமதிக் கடிதத்துக்கு ஆறு மாத ஆயுள் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நான்தான் மாட்டிக்கொண்டேன். கார்த்திகையில் என் 90 நாள் முடிந்தது. மார்கழியில் யாரும் பதிவுக்கும் வரமாட்டார்கள், பால் காய்ச்சவும் மாட்டார்கள். ஃபிளாட்காரரிடம் போய் நின்றேன். 75,000 கூடுதலாகக் கொடுத்தால் பிப்ரவரி கடைசி வரை நீட்டிக்கிறேன் என்றார். கொடுத்தேன்.

நீதிமன்றம் போகாமல் முடிந்தது எங்களுக்கு நான்கு மாதம்தான் பாக்கி இருந்ததால். பிள்ளைக்குப் பத்து வயது என்றால் காத்திருக்க முடியாது; விற்கும் எண்ணம் வந்த அன்றே மனுவைப் போட்டுவிட வேண்டும். ஆள் தேடுவதும் வழக்கு நகர்வதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

வரிக் கணக்கு

விற்ற விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே கழிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். தனித்தனிப் பங்கு 50 லட்சத்துக்குக் குறைவுதானே என்ற வாதம் 2024 அக்டோபருக்குப் பிறகு செல்லாது. மொத்த விலைதான் கணக்கு. இதில் அம்மாவால் ஒரு சிக்கல். அம்மாவின் பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தது. அப்படிப்பட்ட பானுக்கு 1 சதவீதம் இல்லை, 20 சதவீதம். 20 லட்சத்தில் 4 லட்சம் பிடிபட்டிருக்கும். 1,000 ரூபாய் கட்டி இணைக்கப் போனால் ஆதாரில் ஒரு பிறந்த வருடம், பானில் ஒரு வருடம். திருத்தி முடிக்க ஐந்து வாரம். விற்பவர்கள் எல்லோருடைய பானையும் முதல் நாளே சோதித்துவிடுவது நல்லது.

அண்ணன் வெளிநாட்டுவாசி என்பதால் அவன் பங்குக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது. 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டும். 15 லட்சத்தில் 1.95 லட்சம். முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை, ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பவர் பத்திரத்தை அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினான். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிச் செல்லத்தக்கதாக்க வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்தோம்.

மூலதன ஆதாய வரிக்கு, 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது 6 லட்சம். 2024 ஜூலை 23க்குப் பிறகு விற்பதால் இரண்டு வழியில் கணக்குப் போட்டோம். பணவீக்கக் குறியீடு 363ஐ வைத்து 6 லட்சத்தை 21.78 லட்சமாக்கி மிச்சத்துக்கு 20 சதவீதம் என்றால் வரி 10.64 லட்சம். குறியீடு இல்லாமல் 69 லட்சத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 8.63 லட்சம். குறியீட்டை எடுத்துவிட்டார்களே என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் விஷயத்தில் புதிய வழிதான் லாபம். 2001 மதிப்பு அதிகமாக உள்ள வீட்டுக்கு இது தலைகீழாகலாம். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் கட்டாதீர்கள்.

என் பங்கு ஆதாயம் முழுவதும் ஃபிளாட்டில் போனதால் எனக்கு வரி இல்லை. அம்மாவுக்கும் அந்த விலக்கு கிடைக்க வேண்டுமானால் அம்மா பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஃபிளாட்டை இருவர் பெயரிலும் வாங்கியதற்குப் பாசம் பாதி, ஆடிட்டர் பாதி. அக்கா வீடு வாங்கவில்லை. வரி விலக்குக்காக ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி. என்ற அரசு நிறுவனத்தின் கடன் பத்திரங்களில் போட்டாள். ஐந்து வருடம் எடுக்க முடியாது.

இடையில் ஒருநாள் வாங்குபவரின் தரகர் வந்து, வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாமே, உங்களுக்கும் வரி மிச்சம் என்றார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போடலாம். அது ஒரு பக்கம். அந்த ரொக்கத்தை நான் ஃபிளாட் வாங்கப் பயன்படுத்த முடியாது, வங்கிக்குக் கணக்குக் காட்ட முடியாது. அம்மா அதைச் சுருக்கமாக, "பீரோவுல வச்சு நான் காவல் காக்கணுமா?" என்றாள்.

பதிவு நாள்

2025 பிப்ரவரி இரண்டாவது வாரம், பாப்பாவுக்குச் செய்முறைத் தேர்வு இல்லாத நாளாகப் பார்த்து டோக்கன் எடுத்தோம். முகூர்த்த நாள் வேண்டும் என்று அடம்பிடிக்காதது நல்லதாகப் போயிற்று. அந்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் கூட்டம் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

வாங்குபவர் 7 சதவீதம் தீர்வையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமுமாக 6.75 லட்சம் கட்டியிருந்தார். ஆறு பேர் விற்பவர்கள். பாப்பா ஆதாரும் புதிதாக எடுத்த பானும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். கையெழுத்து எப்படிப் போடுவது என்று நோட்டில் எழுதிப் பழகியிருந்தாள். மூன்று விதமாக எழுதிப் பார்த்து ஒன்றை டிக் செய்த பக்கத்தை எனக்குக் காட்டினாள். பெரியப்பா, எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி வர வேண்டுமா என்று கேட்டாள். வர வேண்டும் என்றேன்.

அம்மாவின் கைரேகைதான் படுத்தியது. ஐம்பது வருடம் அம்மியும் துணி துவைக்கிற கல்லும் தேய்த்த விரல். இயந்திரம் ஐந்து முறை ஏற்கவில்லை. அலுவலக உதவியாளர், வெளியே போய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வாங்கம்மா என்றார். ஆறாவது முறை இடது கட்டை விரல் பச்சை விளக்குக் காட்டியது. வயதானவர்கள் இருந்தால் மதியத்துக்கு முந்தைய டோக்கனாக எடுங்கள், அவசரம் இருக்காது.

வீட்டுக்கு வந்து மின் மீட்டரையும் தண்ணீர்க் குழாய் ரசீதையும் படம் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தோம். மாங்காய்ப் பூட்டுக்கு இரண்டு சாவி. வாங்கியவர், "பூட்டு நீங்களே வச்சுக்கங்கம்மா, நான் வேற போட்டுக்கறேன்" என்றார். இப்போது அது ஃபிளாட்டில் சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. எதையும் பூட்டவில்லை.

ஃபிளாட் பக்கம்

விலை 68 லட்சம். அம்மா 15, நான் 15, கடன் 35, முன்பணம் 3. கணக்கு அழகாக நிற்கிறது, இல்லையா? இதில் விட்டுப்போனது 6,12,000. அதாவது நாங்கள் கட்ட வேண்டிய 9 சதவீதம். வங்கி அதற்குக் கடன் தராது. என் முதல் நோட்டுக் கணக்கில் அந்த வரியே இல்லை. கடைசியில் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது. நீட்டிப்புத் தொகை, நகைக்கடன் வட்டி, இரண்டு மாத வாடகை எல்லாம் சேர்த்தால் தாமதம் எங்களுக்கு வைத்த செலவு ஒன்றரை லட்சத்தைத் தொட்டது.

சரியாகச் செய்தது ஒன்று உண்டு, தண்ணீரை விசாரித்தது. தாம்பரத்தைச் சுற்றி முடிச்சூர், வரதராஜபுரம் என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் 2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வரும். விற்பவரிடம் கேட்டால் 'இங்கெல்லாம் வராது சார்' என்பார். நான் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். 2015இல் தன் வண்டிச் சக்கரம் பாதி மூழ்கியது, 2023இல் மிக்ஜாம் புயலுக்குத் தெருவில் கணுக்கால் அளவு, காம்பவுண்டுக்குள் வரவில்லை என்று விரலால் மதிலைத் தொட்டுக் காட்டினார். கார் நிறுத்தும் தளம் தெருவைவிட இரண்டடி உயரம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கட்டட நிறைவுச் சான்று, அங்கீகரித்த வரைபடம், பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பதெல்லாம் வக்கீல் பார்த்தார். அவர் பார்க்காதது ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் பேரேடு. பழைய உரிமையாளர் வைத்திருந்த பராமரிப்பு பாக்கி 41,000. பத்திரத்துக்கு முதல் நாள் சங்கச் செயலாளரிடம் பாக்கியில்லைக் கடிதம் கேட்டபோது வெளிவந்தது. விலையில் கழித்துக்கொண்டோம். ஒரு நாள் கழித்துக் கேட்டிருந்தால் அது எங்கள் பாக்கி. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 68,000 டி.டி.எஸ். நாங்களும் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது; வாங்குபவர் இருவர் என்பதால் படிவமும் இரண்டு.

மூட்டை முடிச்சு

பேக்கர்ஸ் ஆட்கள் மூன்று பேரிடம் விலை கேட்டோம். போனில் விலை சொன்ன இருவரை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பொருளை எண்ணி எழுதிக்கொண்டு போனவருக்குக் கொடுத்தோம். 31,000. ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடி, லிஃப்ட் எல்லாம் அதில் அடக்கம் என்று வாட்ஸாப்பில் எழுதி வாங்கினேன். அப்படியும் இறக்குமிடத்தில் ஆட்டுக்கல்லுக்குத் தனியாக 1,500 கேட்டார்கள். பட்டியலில் 'ஆட்டுக்கல் 1' என்று இருந்ததைக் காட்டியதும் பேச்சில்லாமல் தூக்கினார்கள்.

ஆட்டுக்கல் வந்தது, மரப்பீரோ வரவில்லை. அளவு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்: லிஃப்ட் வாசல் 32 அங்குலம், படிக்கட்டுத் திருப்பம் அதைவிடக் குறுகல். திண்டுக்கல்லிலேயே அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது என்ற சங்க விதியை மட்டும் வண்டி செங்கல்பட்டு தாண்டிய பிறகு தெரிந்துகொண்டோம். வண்டியை ராத்திரி முழுக்க வெளியே நிறுத்தி, டிரைவருக்குப் படி கொடுத்து, திங்கள் காலை இறக்கினோம்.

அம்மாவின் மருந்து, மருத்துவச் சீட்டுகள், ஓய்வூதியப் புத்தகம், அசல் பத்திரம், நகை இவை ஒரே பையில் எங்களோடு ரயிலில் வந்தன. காஸ் இணைப்பைத் திண்டுக்கல்லில் சரண்டர் செய்து வைப்புத்தொகையை வாங்கினோம். ரேஷன் அட்டையில் அம்மா பெயரை இங்கே சேர்க்க முதலில் அங்கே நீக்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. அம்மா இதில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்ட ஒரே கேள்வி, காலையில் பால் யார் கொண்டுவருவார்கள் என்பது.

குடிவந்து வருடம் தாண்டிவிட்டது. போன வாரம் ஃபிளாட்டின் சொத்து வரி நோட்டீஸ் வந்தது. பழைய உரிமையாளர் பெயரில். இது மூன்றாவது அரையாண்டு. பெயர் மாற்ற விண்ணப்பிக்கத் தேவையான நகல்களெல்லாம் பீரோவில் இருக்கின்றன. அம்மா நோட்டீஸைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தாள். "உங்கப்பா மகன்தான்" என்றாள்.